வாடிவீட்டுக்கு வந்த குரல்

முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் தங்கள் கதையை நிறையவே எழுதிவிட்டார்கள். நான் குரலைக் கேட்டு ஏமாந்தவள். அதுவும் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு.

எழுபதுகளில் எங்கள் ஊரான திருகோணமலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஒப்பரேட்டர். சுவிட்ச்போர்டுக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, வயரை இந்த ஓட்டையில் இருந்து பிடுங்கி அந்த ஓட்டையில் செருகுவது வேலை. சேர்ந்த கொஞ்சக் காலத்திலேயே ஊரில் டெலிபோன் வைத்திருந்த எல்லோரையும் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்த பெரிய கிளாக்கர் இரண்டு தரம் மூச்சு விட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொல்லுவார். ஐஸ் பெக்டரி முதலாளிக்கு உண்மையில் டெலிபோனே தேவையில்லை. கடற்கரையில் நின்று கத்தினால் அக்கரையில் இருக்கும் மூதூருக்குக் கேட்கும். இதையெல்லாம் கண்டு, "பத்மாவுக்குப் பாம்புக் காது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். (பாம்புக்குக் காதே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.)

அந்த வயதில் எனக்கு ஓர் இடத்தில் இருக்க ஏலாது. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பல்கள் வரும், நிற்கும், போகும். என் குரலும் கொழும்புக்குப் போகும், கண்டிக்குப் போகும், யாழ்ப்பாணம் போகும். நான் மட்டும் எங்கேயும் போனதில்லை. ஹெட்போன் வயர்தான் என்னைக் கதிரையோடு கட்டிவைத்திருந்தது. காலை ஆட்டுவேன், பென்சிலைக் கடிப்பேன், கதிரையைச் சுற்றுவேன். "உன்ரை கதிரையிலை மட்டும் முள்ளு முளைக்குதோ?" என்று எங்கள் சுப்பவைசர் செல்வநாயகி அக்கா நாளுக்கு நாலு தரம் கேட்பா.

அந்த அறையில் அலுமாரிக்கு மேலே ஒரு றேடியோ இருந்தது. அக்காவின் சொந்த றேடியோ. மெல்லிய சத்தத்தில் நாள் முழுக்கப் பாடும். எங்கள் சண்டைகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

அக்காவுக்குக் கர்நாடக சங்கீதம். அதுவும் சென்னை வித்துவான் ஒருவர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் "தொண்டை கொப்பளிக்கிற ஆக்கள்". பக்கத்துக் கதிரையில் இருந்த பரீதா கிண்ணியாக்காரி. தினமும் பாதையில், அதாவது ஆட்களையும் பஸ்சையும் ஒன்றாக ஏற்றிவரும் மிதவைப் படகில், கடலைக் கடந்து வேலைக்கு வருவாள். அவளுக்கு ஹிந்திப் பாட்டு. பம்பாயில் பாடும் ஒரு பெண்ணின் குரல் றேடியோவில் வந்தால் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

"ஒரு சொல்லாவது விளங்குதோடி?" என்று கேட்பேன்.

"விளங்கினா ஏன் புள்ள அழப்போறன்? விளங்காததாலதான் அழுகை வருகுது" என்பாள்.

எனக்கு எங்கள் நாட்டுப் பொப் பாட்டு. பொப் என்றாலும் எல்லோருடையதும் இல்லை, றொனி செல்வம் ஒருவர்தான். பஸ்சில் யன்னலோரத்து சீற் கிடைக்காத ஓர் இளைஞனின் துயரத்தை அவர் பாடியிருந்தார். கிற்றார், பொங்கோஸ் என்ற இரட்டை மேளம், நடுவில் ஒரு விசில். கரகரத்த குரல். "தங்கச்சீ" என்று இழுத்து ஒரு சொல் வரும். அந்த இழுவையில் நான் கொழும்புக்குப் போய்த் திரும்பி வருவேன்.

"இதென்னடி பாட்டு? சீற் கிடைக்கேல்லையெண்டு ஒரு வளர்ந்த மனிசன் அழுறான். அதுக்குப் பின்னாலை மேளம் வேறை" என்பா அக்கா.

"உங்கட வித்துவான் மட்டும் என்னவாம்? ஒரு சொல்லைப் பிடிச்சால் அரை மணித்தியாலம் விடுறாரில்லை. அதுக்குள்ளை எங்கட பஸ் மட்டக்களப்புக்கே போய்ச் சேர்ந்திடும்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அந்த அம்மா பாடப் போறா" என்பாள் பரீதா.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் றேடியோப் பாடகர்களுக்கு முகம் கிடையாது. றொனி செல்வத்தின் படம் ஒரேயொரு தரம் பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஒரு மீசையும் தெரிந்தன. மிச்சம் முழுக்க அச்சு மை. ஆகவே எங்களுக்கு அவர் குரல்தான் அவர்.

ஒப்பரேட்டர்மார் ஒட்டுக் கேட்கிறார்கள், பேச்சுக்கு நடுவில் புகுந்து கதைக்கிறார்கள் என்று ஊரிலிருந்து யாரோ கொழும்புக்கு முறைப்பாடு எழுதியிருப்பதாக அந்த நாட்களில் ஒரு கதை அடிபட்டது. "கவனம் பிள்ளையள். கொழும்பிலை இருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வரும்" என்று அக்கா எச்சரித்தா. நான் தலையாட்டினேன். என் தலை அந்தக் காலத்தில் எதற்கும் ஆடும்.

ஒரு நாள் மத்தியானம். அக்கா சாப்பிடப் போயிருந்தா. வெளியூர் உத்தியோகத்தர்கள் வந்து தங்கும் வாடிவீட்டு லைனில் வெளிச்சம் எரிந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"தங்கச்சீ" என்றது ஒரு கரகரத்த குரல். "கொழும்புக்கு ஒரு கோல் எடுத்துத் தரேலுமே?"

ஆடிக்கொண்டிருந்த என் கதிரை நின்றது. அதே இழுவை, அதே கரகரப்பு. றொனி செல்வம் மட்டக்களப்பில் நிகழ்ச்சி செய்கிறார் என்று முந்திய கிழமைதான் யாரோ சொன்னார்கள். மட்டக்களப்பு வரை வந்தவர் திருகோணமலைக்கு வரமாட்டாரா?

"லைன் பிஸி சேர், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். (லைன் பிஸி இல்லை. நான்தான் பிஸி.) பரீதாவைக் கிள்ளி, அவளுடைய வயரையும் அதே லைனில் செருகச் சொன்னேன்.

அவள் கேட்டாள். "இவரா? தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச ஆள் மாதிரி இரிக்கு. எதுக்கும் பாடச் சொல்லிக் கேளன், தெரிஞ்சிரும்" என்றாள் மெதுவாக. விளையாட்டுப் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு யாரும் பகிடிக்குச் சொன்னால் போதும்.

"சேர், கோவிக்காதேங்கோ. நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும்."

அந்தக் குரல் ஒரு தரம் செருமியது.

"எப்பிடித் தெரியும்?"

"உங்களைத் தெரியாத ஆள் இந்த ஊரிலை இருக்கினமே?"

"ஊருக்கே தெரியுமோ? நான் ஒருத்தருக்கும் சொல்லாமல்தானே வந்தனான்!"

"எங்களுக்கு விளங்குது சேர். ஆனால் நாங்கள் எல்லாரும் நீங்கள் எப்ப வருவீங்கள் எண்டு காத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். ஒரேயொரு வரி பாடுங்கோவன்."

"என்ன?"

"ஒரு வரி. எனக்கும் என்ரை சிநேகிதிக்கும் மட்டும்."

பிறகு அந்தக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: "இப்ப ஏலாது தங்கச்சி. பஸ்சிலை வந்த தூசி. தொண்டை சரியில்லை."

நான் பரீதாவை வெற்றியோடு பார்த்தேன். தொண்டை சரியில்லை! பாட்டுக்காரனைத் தவிர வேறு யார் அப்படிச் சொல்லுவார்கள்? கோலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை செய்த என் அண்ணா சந்திரனுக்கு லைன் போட்டேன். அண்ணாவும் சிநேகிதர்மாரும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். குழுவிடம் நாலு தந்தி மிஞ்சிய ஒரு கிற்றாரும், ஒரு சோடி பொங்கோசும், அளவுக்கு மீறிய நம்பிக்கையும் இருந்தன.

"அண்ணா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றுதான் தொடங்கினேன்.

பின்னேரம் வேலை முடிந்து வாடிவீட்டுப் பக்கம் போனபோது எனக்கே பயம் வந்துவிட்டது. ஒரு பிக்கப் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கடைத்தெருவில் இருந்தும் சனம் வந்திருந்தது. பெண்கள் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கோயிலடியில் செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தார்கள். பரீதா பாதைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போய்விட்டாள். நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன்.

அண்ணா கதவைத் தட்டினார். சாரமும் பெனியனுமாக, தோளில் துவாயோடு ஒரு மனிதர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வயிறு அவருக்கு முன்னால் வந்தது. படத்தில் கண்ட மீசை மட்டும் இருந்தது.

கூட்டம் ஒரு கணம் சோர்ந்தது. "கறுப்புக் கண்ணாடி போடாததாலை அப்பிடித் தெரியுது" என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். உடனே கைதட்டல். மாலை விழுந்தது. பொங்கோஸ் முழங்கியது. "பாடுங்கோ! பாடுங்கோ!" என்று சத்தம் எழுந்தது.

அந்த மனிதர் மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் என்ரை பாட்டுக் கேக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம்!"

"அந்த எக்ஸ்சேஞ்சுப் பிள்ளையும் கேட்டது…" என்றார் தனக்குள். அவருடைய முகத்தில் ஏதோ மாறியது. அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது யோசித்தால், அவ்வளவு காலமும் யாராவது தன்னைப் பாடச் சொல்லிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த முகம் அது. உள்ளே போனார். சேட்டு மாட்டி, திருநீறு பூசி, தலையை வாரி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். வலது கை தொடையில் தாளம் போட்டது.

ஒரு தேவாரப் பதிகம். அதை அவர் தொடங்கினார் என்று சொல்வதைவிட, அதற்குள் இறங்கினார் என்று சொல்லலாம். முதல் அடியிலேயே நெடுநேரம் நின்றார். அக்காவின் வித்துவானாவது அரை மணித்தியாலத்தில் ஒரு சொல்லை விடுவார். இவர் விடவே இல்லை. மேலே போகும் இடங்களில் குரல் உடைந்தது. உடைந்த இடத்துக்கே திரும்பி வந்து இன்னொரு தரம் உடைத்தார்.

முதலில் மதிலுக்கு மேலே இருந்த தலைகள் மறைந்தன. பிறகு கடைத்தெருச் சனம், "கடை திறந்து கிடக்கு" என்று ஒவ்வொருவராகக் கழன்றது. தேவாரம் படிக்கும்போது எழுந்து போனால் பாவம் என்பதால் சிலர் கும்பிட்டபடியே பின்னால் நடந்து போனார்கள். வாலாட்டிக்கொண்டு எங்கிருந்தோ ஒரு மான் வந்து முற்றத்தில் நின்று கேட்டது. (எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும், ஆனால் சங்கீதம் கேட்டு நின்ற மானை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.) பொங்கோஸ்காரர் மட்டும் முன்வரிசையில் அகப்பட்டுக்கொண்டு, வழி தெரியாமல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பிறகு என் வீட்டுக்காரர். அது வேறு விபத்து.

பாட்டு முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது மிஞ்சியிருந்தது அண்ணாவும், பொங்கோசும், மானும்தான்.

"இனி உங்கட பஸ் பாட்டையும் பாடுங்கோவன் சேர்" என்றார் அண்ணா, கடைசி நம்பிக்கையில்.

"பஸ் பாட்டோ? அது என்ன பாட்டு?"

"நீங்கள்… றொனி செல்வம்தானே?"

"நான் குணரத்தினம். இன்ஸ்பெக்டர். டெலிபோன் டிப்பார்ட்மென்ட், கொழும்பு."

மரத்துக்குப் பின்னால் நின்ற எனக்குச் செருப்பைப் போடவும் நேரமில்லை. கையில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தேன். அப்பாவுக்கு வேலை நின்று கனகாலம். என் சம்பளத்தில்தான் குசினியில் அடுப்பு எரிந்தது. அதை அந்த வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

காலையில் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அக்கா நெஞ்சில் கைவைத்தா.

"விசாரணைக்கு வந்த மனிசனையோடி பாடச் சொன்னனீ?"

"ஓம் அக்கா."

"அந்தாளும் பாடினதோ?"

"ஓம் அக்கா."

அக்கா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சுருதி சேர்ந்ததோ?" என்று கேட்டா.

பதில் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். காற்சட்டை, கழுத்துப் பட்டி, தோல் பை. முகம் இறுகியிருந்தது. எங்கள் மூன்று பேரையும் எழும்பி நிற்கச் சொன்னார்.

"நேற்று மத்தியானம் வாடிவீட்டு லைனிலை கதைச்ச பிள்ளை ஆர்?"

மூன்று பேரும் சுவிட்ச்போர்டைப் பார்த்தோம்.

"சரி. எனக்கும் காது இருக்கு. ஒவ்வொருத்தரா 'நம்பர் ப்ளீஸ்' எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

என் முறை முதலில் வந்தது. பூனைக்குட்டியின் வாலை மிதித்ததுபோல ஒரு கீச்சுக் குரலில் "நம்பர் ப்ளீஸ்" என்றேன். எனக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்தது பரீதா. அவளுக்கு மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஓர் ஆண் குரலில் "நம்பர் ப்ளீஸ்" என்றாள். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். இருபது வருடம் மரியாதையாக வேலை பார்த்த மனுசி. என் பொப் பாட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவ. அவ சேலைத் தலைப்பைச் சரிசெய்து, மூக்கைச் சுருக்கி, ஏழு வயதுப் பிள்ளையின் குரலில் "நம்பர் ப்ளீஸ்" என்றா.

அந்த நேரம் பார்த்து ஐஸ் பெக்டரி லைனில் வெளிச்சம் எரிந்தது. இன்ஸ்பெக்டர் விரலால் என்னைக் காட்டி, "எடும்" என்றார். வேறு வழியில்லை. அதே பூனைக் குரலில் எடுத்தேன்.

ஹெட்போன் கழுத்தில் கிடந்தபோதே முதலாளியின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது: "ஆர் பத்மாவோ? என்ன பிள்ளை உன்ரை குரலுக்கு? நேற்று ஒரு பாட்டுக்காரன் வந்திருக்கிறானெண்டு ஊரெல்லாம் சொல்லி விட்டனியாம்! எங்கட பொடியங்கள் போய்ப் பாத்திட்டு வந்து காது நோகுதெண்டு படுத்திருக்கிறாங்கள்!"

நான் வயரைப் பிடுங்கினேன். பிந்திவிட்டது.

இன்ஸ்பெக்டர் கதிரையில் உட்கார்ந்தார். கத்துவார் என்று பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"அவ்வளவு மோசமோ?" என்று கேட்டார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "இல்லை சேர்… தொண்டை சரியில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன், என் சொந்தக் குரலில்.

அக்கா முன்னால் வந்தா. "சேர், பஸ்சிலை வந்த அலுப்போடை மேல் ஸ்தாயி பிடிக்கிறது ஆராலும் ஏலாது. காலமையிலை பாடிப் பாருங்கோ. அதோடை, இந்தப் பெட்டைக்குப் பாட்டெண்டால் என்னவெண்டே தெரியாது."

அது உண்மையான ஆறுதலா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது. அவர் பையைத் திறந்து ஒரு கடுதாசியை எடுத்தார், பேனையையும் எடுத்தார், பிறகு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் செய்ததுக்கு வேலையாலை நிப்பாட்டலாம். ஆனால் நான் றிப்போட்டிலை என்னெண்டு எழுதுறது? கோல் எடுக்கக் கேட்டனான், பாடச் சொன்னவை, மாலை போட்டவை, பாடினனான் எண்டோ? கொழும்பிலை எனக்கு மேலை இருக்கிறவை வாசிக்க மாட்டினமே?"

நாங்கள் மூவரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

அவர் எழுதிய அறிக்கையில் நான் இல்லை, மாலை இல்லை, மானும் இல்லை. ஆனால் ஏதாவது எழுதத்தானே வேண்டும்? ஒப்பரேட்டர்மாரின் கவனத்தைக் கலைப்பது றேடியோ, அதை உடனடியாக அகற்றவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த கிழமை அக்கா தன் றேடியோவைச் சீலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனா. என் ஒருத்தியின் பாட்டு விசரால் சென்னை வித்துவானுக்கும் பம்பாய் அம்மாவுக்கும் சேர்த்து வாய் அடைக்கப்பட்டது. அக்கா ஒரு மாதம் என்னோடு வேலைக் கதை தவிர வேறு கதைக்கவில்லை. பரீதா மட்டும் தினமும், "ஆரும் பாட்டுக்காரர் லைனுக்கு வந்தாவளா புள்ள?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருவாள்.

அடுத்த வருடம் உண்மையான றொனி செல்வம் எங்கள் ஊர்க் காணிவேல் களியாட்ட விழாவுக்கு வந்தார். பரீதாவையும் இழுத்துக்கொண்டு போய் முன்னுக்கு நின்றேன். அவர் மைக்கைப் பிடித்து, "வணக்கம், திருகோணமலை!" என்றார். எண்ணெய் விடாத கேற்றைத் திறந்ததுபோல, மெல்லிய கீச்சுக் குரல். பாடும்போதுதான் அவருக்குக் கரகரப்பு வருமாம். பரீதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகச் சொல்பவர் என் வீட்டுக்காரர். முன்வரிசையில் இருந்தவர் அல்லவா? ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் பதிகம் கொஞ்சம் நீளும். தெரியாத குரலில் டெலிபோன் வந்தால் றிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆரோ ஒருத்தர். பாடச் சொல்லிக் கேக்கட்டோ?" என்பார். பிள்ளைகளுக்கும் அதே பழக்கம் தொற்றிவிட்டது.

எங்கள் மகளுக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளைப் பொடியன் முதன்முதலாக எங்களோடு கதைக்க அழைத்தான். மகளும் தகப்பனும் சேர்ந்து செய்த சதி எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் றிசீவரை எடுத்து, மிகவும் கண்டிப்பான குரலில், "தம்பி, எல்லாம் பிறகு கதைப்பம். முதல்லை ஒரு வரி பாடும்" என்றார். அந்தப் பிள்ளை இது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்து, பனிகொட்டும் ஊரில் விடியப்புறம் எழும்பி நின்று, பயபக்தியோடு பாடினான். கலியாணமும் சரிவந்தது. "திருகோணமலைப் பக்கத்திலை மாப்பிள்ளை பாடித்தான் பொம்பிளை எடுக்கவேணும்" என்று அவனுடைய தாய் இன்றைக்கும் தன் உறவுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நாங்கள் ஒருவரும் மறுத்ததில்லை.